முள்ளில்லாத மீன்

இங்கே மீனை ஒளித்து வாங்குகிறார்கள். கொடைக்கானல் பக்கம், பெருமாள்மலைக் கடையில் கருவாடு கேட்டால், கடைக்காரர் முதலில் தெருவை இரண்டு பக்கமும் பார்க்கிறார். பிறகுதான் சாக்குக்குள் கையை விடுகிறார். வாங்குகிறவரும் அதைப் பையின் அடியில் போட்டு, மேலே கோசும் கேரட்டும் அடுக்கி மூடிக்கொள்கிறார். ஆனால் வாடையை எதை வைத்து மூடுவது? பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "யாருங்க கருவாடு வச்சிருக்கிறது? பஸ்ஸுக்கு மேல போட்டுட்டு வாங்க" என்று கத்துவார். பை வைத்திருக்கும் அத்தனை பேரும் பக்கத்துப் பையைப் பார்ப்பார்கள். தை மாதம், பழனிக்குக் காவடி போகிற காலம், பாதி வீடுகளில் விரதம், அதனால்தான் என்று எனக்குச் சொன்னார்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன். வைகாசியிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இலங்கையில், மாத்தளையில் நாங்கள் இருந்த தோட்டத்துக்கு மீன்காரன் சைக்கிளில் வருவான். பின்னால் பலகைப் பெட்டி. எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் நின்று ஹாரனை அமுக்கினால், அழுகிற பிள்ளையை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் ஓடுவார்கள். பெரிய மீனைத் துண்டு போடும்போது சுற்றி நின்று, எந்தத் துண்டு யாருக்கு என்று சண்டை நடக்கும். வாங்கியதை ஈர்க்கில் கோத்து, எல்லாரும் பார்க்கும்படி தொங்கவிட்டுக்கொண்டுதான் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்குத் திரும்புவோம். சம்பள வாரத்தில் மீன் வாங்காதவர்கள்தான் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

இதை நான் அங்கே இன்னும் லயங்களில் இருப்பவர்களுக்கும், என்னைப் போலக் கப்பல் ஏறி வந்து இந்தப் பக்கத்து மலைகளில் சிதறிக் கிடப்பவர்களுக்கும் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்பு இருந்ததோ அத்தனை வகுப்புப் படித்தேன். பத்திரிகைகளில் 'தாய் மண் அழைக்கிறது' என்று எழுதுகிற பெரிய மனிதர்கள் யாரும், கப்பலில் வந்தவர்களை இறக்கி வைக்கிற மண்டபம் முகாமில் வரிசையில் நின்றவர்கள் இல்லை. மண் ஒருவரையும் அழைக்காது. மண்ணுக்கு மேலே மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் அழைக்க வேண்டும். என் கதையைப் படித்துவிட்டு, வரலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது வடகவுஞ்சிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம், எழுதினால் சண்டைக்கு வருவார்கள். என் வீட்டுக்காரர் முத்தையாவின் தகப்பனார் பிறந்த ஊர் அது. அவர் இளவட்டமாக இருக்கும்போது கங்காணியோடு கடல் தாண்டிப் போனவர். சாகும்வரை, "நான் இன்னாரு மகன், எங்க ஊர்ல எனக்கு வரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் என் வீட்டுக்காரர். அங்கே எங்களுக்குக் குடியுரிமை இல்லை என்று ஆனபோது, லயத்தில் எல்லாரும் அழுதார்கள். இவர் ஒருவர்தான் அழவில்லை. "நமக்கு ஊரு இருக்கு" என்றார்.

வரி என்றால் என்ன என்று எனக்கு இங்கே வந்துதான் புரிந்தது. தைப்பூசத்துக்கு முன்னால் ஊரில் தலைக்கட்டு வரி எடுப்பார்கள். கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்தவன் ஒரு தலைக்கட்டு. தொகை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் வரி கொடுத்தவன்தான் ஊர்க்காரன். கோயிலில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு விபூதி கொடுப்பார்கள். அவன் வீட்டில் சாவு விழுந்தால் ஊர் வரும். ஊர்க் காவடிகளோடு அவன் காவடியும் மலையிறங்கிப் பழனிக்குப் போகும். வரி வாங்காவிட்டால் நீ எத்தனை வருஷம் இருந்தாலும் பூண்டு பிடுங்க வந்த ஆள்தான். நாங்கள் வந்த முதல் தையில், "இப்பத்தானே வந்திருக்கீங்க, பாப்போம்" என்றார்கள். அடுத்த தையில், "பங்காளி வாயால சொல்லட்டும்" என்றார்கள். பங்காளி என்பது என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் பெரியசாமி. அவர் வீட்டு வாசலில், ஒரு கல் சுவருக்கு இந்தப் பக்கம், அவர் கொடுத்த இடத்தில்தான் எங்கள் குடிசை. இந்த வருஷம் அவர் சொல்லுவதாக ஒப்புக்கொண்டார். என் வீட்டுக்காரர் கார்த்திகையிலேயே மாலை போட்டுவிட்டார். ஒருவேளைச் சோறு, பச்சைத் தண்ணீரில் குளியல். அந்தக் குளிரில் பல் கிடுகிடுக்க நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். ஒரு மனிதன் ஓர் ஊரில் சேர்வதற்கு இத்தனை நடுக்கம் நடுங்க வேண்டுமா என்று நான் கேட்டால், "ஒனக்குத் தெரியாது, சும்மா இரு" என்பார்.

நான் செண்பகனூர் தாண்டி ஒரு பங்களாவில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க அங்கே தங்கல், சனிக்கிழமை வீடு. பங்களாவில் இருந்தது இத்தாலிக்காரர்கள். மதுரைப் பக்கம் ஒரு மில்லில் இயந்திரம் பூட்ட வந்தவர் புருஷன். வெயில் தாங்காமல் பெண்சாதியை மலையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை வந்து போவார். தோட்டத்தில் துரையின் பெண்சாதியைக் கூப்பிடுவதுபோல நான் அவளைத் 'துரைசாணி' என்று கூப்பிட்டபோது, பங்களாவின் பூந்தோட்டக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "துரைசாணியா? அது என்னம்மா பேச்சு? இங்க மேடம்னு சொல்லணும்" என்றார். எனக்கு வாயில் வந்தது துரைசாணிதான். கடைசிவரை அப்படியேதான் கூப்பிட்டேன். அவளுக்கு மேடமும் புரியவில்லை, துரைசாணியும் புரியவில்லை.

அவளுக்கு ஊரிலிருந்து பார்சல் வரும். அதில் வட்ட டின்கள் இருக்கும். நான் சேர்ந்த புதிதில் ஒரு டின்னை எடுத்து என் கையில் கொடுத்து, "லஞ்ச்" என்றாள். டின்னோடு ஒட்டியிருந்த சாவியைச் சுழற்றித் திறந்தேன். உள்ளே மீன், நிறைய எண்ணெய். நமக்குத் தெரிந்த டின் மீன் தக்காளிச் சாற்றில் முள்ளோடு கிடக்கும். இந்த எண்ணெய், டின் துருப்பிடிக்காமல் இருக்க ஊற்றியது என்று நினைத்தேன். புது மண்வெட்டிக்குத் தடவி அனுப்புவார்களே, அதுபோல. முழுவதையும் சாக்கடையில் ஊற்றினேன். மீனை உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீரில் உரசிக் கழுவினேன். புளி கரைத்து, மிளகாய் அரைத்து நல்ல குழம்பாக வைத்தேன். அவள் அடுப்படிக்கு வந்து சட்டியை எட்டிப் பார்த்தாள். "ஒலியோ?" என்றாள். நான் விளங்காமல் நிற்கவே, டின்னைத் தொட்டு எண்ணெய் ஊற்றுவது போலக் கையைக் காட்டினாள். நான் சாக்கடையைக் காட்டினேன். அவள் அங்கே போய்க் குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் மினுங்கிப் போன பச்சை எண்ணெயைப் பார்த்துவிட்டு, அவள் பாஷையில் கத்த ஆரம்பித்தாள். நானும் விடவில்லை. "மீனக் கழுவாமக் கறி வைப்பாங்களா? ஒங்க ஊர்ல அப்படித்தானா?" என்று என் பாஷையில் கத்தினேன். இரண்டு பேருக்கும் தொண்டை வலித்ததுதான் மிச்சம். குழம்பை அவள் தொடவில்லை. தோட்டக்காரரும் நானும் தின்றோம். ஊரை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் என் நாக்கில் கடல் பட்டது. தோட்டக்காரருக்குத் தெரியாமல் விறகுக் கொட்டகையில் போய் அழுதேன்.

அடுத்த டின்னை அவளே திறந்தாள். இந்த மலையில் விளைகிற பட்டர் பீன்ஸை வேகவைத்து, வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து போட்டு, டின்னைக் கடைசிச் சொட்டு எண்ணெய்வரை அதன் மேல் கவிழ்த்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். பச்சை எண்ணெயில் மிதக்கும் மீனை யார் தின்பது என்றுதான் தொட்டேன். சதை கெட்டியாக இருந்தது. விரலால் அழுத்தினால் அடுக்கடுக்காகப் பிரிந்தது. முள் இல்லை, தோல் இல்லை, கறுப்புச் சதை ஒரு துளி இல்லை. எண்ணெய் மீனுக்குள் ஊறி, மீன் எண்ணெய்க்குள் ஊறி, இரண்டையும் பிரிக்க முடியாத ருசி. பாணை, இங்கே ரொட்டி என்பார்களே, அதைப் பிய்த்துத் தட்டைத் துடைத்துத் தின்றேன். இது என்ன மீன் என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக்குச் சைக்கிளில் வந்த அதே பெரிய மீன். "கெலவல்லா" என்றேன். அவள் "தொன்னோ" என்றாள். வாசல்படியிலிருந்து அடுப்புவரை நடந்து, இவ்வளவு நீளம் என்று காட்டினாள். நான் தலையாட்டினேன். பிறகு ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இத்தாலியை விட்டுத் தனியாகக் கடலில் கிடந்த ஒரு துண்டு நிலத்தில் விரலை வைத்துத் தன் நெஞ்சைத் தொட்டாள். அவளும் தீவுக்காரிதான். நான் அதே புத்தகத்தில் இலங்கையைத் தேடி எடுத்து விரலை வைத்தேன். அவள் அந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாள். "ஒய்?" என்றாள். ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டாள். எனக்கு அதற்கு இங்கிலீஷ் இல்லை. தமிழிலும் இல்லை.

மில் வேலை முடிந்து, மார்கழிக் கடைசியில் அவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். போகும்போது மிச்சமிருந்த ஒரு டின்னை என்னிடம் கொடுத்தாள். அதற்கு முந்தைய வாரம், புறப்படுகிற அவசரத்தில் அவள் மீனை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டுப் போட்ட டின்னில் இருந்த எண்ணெயை ஒரு சீசாவில் நான் வடித்து வைத்திருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. பெரியசாமி அத்தானின் பெண்சாதி ராமாயி அக்காவுக்கு முழங்கால் வலி. குளிர்காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். கொடைக்கானல் டாக்டர் ஆலிவ் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். மருந்துக்கடையில் அது விரல் நீளச் சீசாவில், ஏதோ அமிர்தம்போல அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு அக்கா திரும்பி வந்துவிட்டார். அதே எண்ணெய்தானே இது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னடி, பச்சையா இருக்கு?"

"டாக்டர் சொன்ன ஆலிவ் எண்ணெதாங்க்கா. ஆனா மீன் டின்னுல இருந்து வடிச்சது. அதையும் சொல்லிட்டேன்."

"மீனா? வீட்டுல மாலை போட்டிருக்காகளேடி."

"அப்ப வேணாம். குடுங்க இப்படி."

அக்கா சீசாவை விடவில்லை. "நான் என்ன வாயிலயா ஊத்திக்கிறேன்? மேலுக்குத்தானே தேய்க்கிறேன். நீ சும்மா கெட" என்றார். மூன்றாம் நாள் சுவரைப் பிடிக்காமல் வந்து, "வெள்ளனே எந்திரிச்சு தண்ணிக்கே போயிட்டு வந்துட்டேன்டி, சிலோன்காரி" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். டின்னை நான் வீட்டுக்குள் வைக்கவில்லை. மாலை போட்ட வீடு. வெளியே விறகுக்கு அடியில் வைத்தேன், பூசம் முடிந்து தின்னலாம் என்று.

ஊருக்குக் காப்புக் கட்டினார்கள். இனிப் பூசம் முடியும்வரை ஊருக்குள் எந்த வீட்டிலும் கவிச்சி கிடையாது. அந்த வாரம் குளிர் அதிகமானது. காலையில் கோசு இலைகளின் மேல் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. அக்கா சீசாவை விளக்கு மாடத்தில் வைத்திருந்தார். அதுவும் உறைந்துவிட்டது. பச்சையாகத் தண்ணீர்போல ஓடிக்கொண்டிருந்த எண்ணெய் இல்லை அது. மஞ்சளாக, மணல்மணலாக, கவிழ்த்தாலும் விழாத கட்டி. அக்காவின் அண்ணன் பெண்சாதி விருந்துக்கு வந்தவள் அதை எடுத்துப் பார்த்திருக்கிறாள். "எண்ணெ எங்க மதினி இப்படி ஒறையும்? இது கொழுப்புல்ல. வெள்ளைக்காரி வீட்டுக் கொழுப்புன்னா என்ன கொழுப்பு? மாடுதான்" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சிலோன்காரி மாட்டுக் கொழுப்பைக் கொண்டுவந்து, காப்புக் கட்டின ஊரில், மாலை போட்ட வீட்டுப் பெண்சாதிக்குத் தேய்த்துவிட்டாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மாடு தின்கிறவர்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. லயத்தில் அடுத்த காம்பிராவில் தின்றார்கள். ஒரே சுவர், ஒரே பீலிக் குழாய்த் தண்ணீர், ஒருவர் பிள்ளையை ஒருவர் வளர்த்தோம். ஆனால் செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் எனக்கு உடம்பு எரியும்.

மறுநாள் காலை வரி எடுக்கிற நாள். கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. என் வீட்டுக்காரர் மஞ்சள் துணியில் வரிப்பணத்தை முடிந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாட்டாமை என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏலே முத்தையா, ஒம் பொண்டாட்டி குடுத்தது என்ன எண்ணெப்பா?"

"அவர ஏன் கேக்குறீங்க? குடுத்தது நானு" என்றேன்.

"பொம்பள சபைல பேசக் கூடாதும்மா."

"எண்ணெ என்னுது. பதில் மட்டும் எப்படி அவருதாகும்?"

பின்னால் யாரோ, "சிலோன் வாயி, கப்பல் மாதிரில்ல வருது" என்றான். சிரித்தார்கள். நாட்டாமை சிரிக்கவில்லை. "நல்லெண்ணெ இப்படி ஒறையுதா? வெளக்கெண்ணெ ஒறையுதா? கொழுப்புத்தானம்மா ஒறையும்" என்றார்.

"தேங்காயெண்ணெ ஒறையலையா? தலைல தேய்க்கிறீங்கல்ல?"

"அது வெள்ளையா ஒறையும். இது மஞ்சளால்ல கெடக்கு."

"இது ஒலிவங்காயில ஆட்டுன எண்ணெ. மருந்துக்கடைல போயிக் கேளுங்க. மீன் கெடக்க ஊத்தினது. அதையும் அக்காகிட்டச் சொல்லித்தான் குடுத்தேன். அக்கா, சொல்லுங்க."

எல்லாரும் ராமாயி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தைலம்னு குடுத்தா, வாங்கித் தேச்சேன்."

மாலை போட்ட புருஷனை வைத்துக்கொண்டு, மீன் என்று தெரிந்தே தேய்த்தேன் என்று அந்தச் சபையில் எப்படிச் சொல்வார்? அது எனக்கு இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. "அதே டின்னு இன்னொண்ணு இருக்கு. திறந்து காட்டுறேன். எல்லாரும் பாருங்க" என்று கத்திவிட்டேன்.

காப்புக் கட்டிய ஊருக்குள் மீன் டின்னைத் திறக்கக் கூடாது என்று ஒரு சாரார். திறக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று ஒரு சாரார். கடைசியில் ஊர் எல்லைக் கல்லைத் தாண்டி ஓடைப் பக்கம் போய்த் திறப்பது என்று முடிவானது. நான் டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் ஊரே வந்தது. என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்தார். எனக்குப் பயமே இல்லை. திறந்தால் மீன் இருக்கப் போகிறது, மீனைப் பார்த்தால் மீன் என்று சொல்லப் போகிறார்கள், பிறகு இந்த நாட்டாமை முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்று பார்க்கலாம் என்றுதான் போனேன்.

ஒரு பாறையில் வைத்துச் சாவியைச் சுழற்றினேன். விறகுக்கு அடியில் குளிரில் கிடந்த டின். மூடி சுருண்டு வந்ததும் உள்ளே அதே மஞ்சள் கட்டி. கூட்டம் உஸ்ஸென்றது. விரலால் அதை விலக்கினேன். துண்டுகள் தெரிந்தன. இளம் ரோஜா நிறத்தில், நாராக, அடுக்காக, தடியாக. அந்த இடத்தில்தான் அவர்கள் கண்ணால் நான் அதைப் பார்த்துவிட்டேன். இந்த ஊரில் மீன் என்றால் நெத்திலிக் கருவாடு. மிஞ்சினால் ஓடையில் பிடிக்கிற விரல் நீள மீன். தலையும் கண்ணும் வாலும் உள்ளது. இதில் எதுவும் இல்லை. துரைசாணியின் ஊரில் உயர்ந்த சரக்கு என்று முள்ளையும் தோலையும் கறுப்புச் சதையையும் ஒன்று விடாமல் எடுத்திருந்தார்கள். மீன் என்று சாட்சி சொல்ல அதில் ஒரு செதில்கூட இல்லை.

"மீனுன்னா முள்ளு எங்கம்மா?" என்றார் நாட்டாமை.

"எடுத்துட்டுத்தான் அடைப்பாங்க. ஒசத்தி டின்னுங்க இது."

"தலை?"

"அதையும்தான்."

"மீனுக்கு இம்புட்டுக் கறி ஏது? எம்புட்டுப் பெருசு இருக்கும் அது?"

நான் உண்மையைச் சொன்னேன். "கன்னுக்குட்டி அளவு இருக்கும்."

அந்த வார்த்தையைக் கூட்டம் பின்வரிசைவரை கடத்தியது. பிறகு, "கன்னுக்குட்டிதான்னு அவளே சொல்லிட்டாடோய்!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்த சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. ஒருவன், "வெரசாப் போயிப் பூனையக் கொண்டாங்கலே, அது சொல்லிரும்" என்றான். இன்னொருவன், "ஏன், பூனை மாட்டுக்கறின்னா வேணாம்னு எந்திரிச்சுப் போயிருமாக்கும்?" என்றான். கடலைப் பார்த்திராத மனிதர்களுக்குக் கடல் மீனைப் பற்றி நான் எதைச் சொல்லிப் புரியவைப்பது? பெரியசாமி அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்து நின்றார். இனி அவர் எங்களுக்காகப் பேச மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

அப்போது என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். முதலில் கழுத்து மாலையைக் கழற்றினார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு பூசாரியின் கையில் கொடுத்தார். பூசாரி வேண்டாம் என்பதுபோலக் கையை இழுத்தார். இவர் அந்தக் கையைப் பிடித்து வைத்தார். பிறகு பாறைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டின்னிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். சிரிப்பு நின்றது. அவர் அவசரப்படவில்லை. நன்றாக மென்று விழுங்கினார். இன்னொரு துண்டை எடுத்தார். அதையும் தின்றார். விரலில் ஒட்டிய எண்ணெயை நக்கினார். எழுந்து நாட்டாமையைப் பார்த்து, "மீனுதாங்க. எங்கப்பன் பெத்த மகன் மாடு திம்பேனா இல்லையான்னு ஊரு சொல்லட்டும்" என்றார்.

கார்த்திகையிலிருந்து காத்த விரதம். அவர் அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் நின்று ஏங்கிச் செத்த காவடி. என் ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக இரண்டு துண்டு மீனில் முடித்துவிட்டார். நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். தடுக்க எனக்கு இடம் எங்கே இருந்தது? கை நீட்டுவதற்குள் மென்றுகொண்டிருந்தார்.

நாட்டாமை டின்னை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு, "சரிப்பா, மீனுன்னே வச்சுக்கிருவோம்" என்றார். "ஆனா இந்த வருசம் வரி வேணாம். மாலையக் கழட்டிட்டே. அடுத்த வருசம் பாப்போம்." என் வீட்டுக்காரர் மஞ்சள் துணியை நீட்டியபடியே நின்றார். ஒவ்வொருவராக ஊருக்குள் போனார்கள். 'மீனுன்னே வச்சுக்கிருவோம்.' அந்தப் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. நம்புகிறோம் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. இலங்கையில் எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். அது வசவுதான். ஆனால் அதில் குழப்பம் கிடையாது. போ என்றால் போ. இங்கே போ என்றும் சொல்ல மாட்டார்கள், வா என்றும் சொல்ல மாட்டார்கள். பாப்போம் என்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் தாங்காமல் கேட்டேன். "எதுக்குத் தின்னீங்க? ரெண்டு மாசக் குளிரு எல்லாம் வீணாப்போச்சே."

"அப்ப ஒன்னய மாடு தின்னவளுன்னு விட்டுட்டுக் காவடி தூக்கச் சொல்றியா?" என்றார். கொஞ்சம் கழித்து, "மாத்தளை மீனுதான். நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காவடிகள் இறங்கிய அன்று கொட்டுச் சத்தம் எங்கள் குடிசையைத் தாண்டித்தான் போனது. அவர் வெளியே வரவில்லை. விறகு பிளக்கிறேன் என்று பின்பக்கம் போனார். பிளக்கிற சத்தமும் கேட்கவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். பெரியசாமி அத்தான் காவடியோடு போனார். பின்னால் பெண்கள். ராமாயி அக்கா இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கம்பு ஊன்றாமல், நேராக நடந்துதான் பழனிக்கு இறங்கினார். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததா, வேறு ஏதாவது வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. சீசாவைத் தூக்கி எறிந்துவிட்டார்களா, எங்காவது வைத்திருக்கிறார்களா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

வருவதற்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களே, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வர வேண்டிய நிலை வந்தால் வாருங்கள். வேறு வழி இல்லாமல்தானே எல்லாரும் வருகிறோம். ஆனால் ஊர் காத்துக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்காதீர்கள். அந்தப் பேச்சை நம்பி வளர்ந்த ஒரு மனிதர் என் வீட்டில் இருக்கிறார். பகலில் பூண்டுக் காட்டுக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். அப்பாவைப் பற்றி மட்டும் இப்போது பேசுவதில்லை.

நேற்று காவடிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். கோயிலில் தலைக்கட்டுப் பெயர் கூப்பிட்டுப் பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள். எங்கள் பெயரைக் கூப்பிடவில்லை. இன்று காலை சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. ராமாயி அக்கா, தங்கள் பங்குப் பஞ்சாமிர்தத்தில் பாதியை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து, கல் சுவரின் மேல் வைத்துவிட்டு நின்றார். கையில் கொடுக்கவில்லை. கையை நீட்டி எடுக்க நானும் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் இலையையும் பார்க்கிறார், என்னையும் பார்க்கிறார். எறும்பு ஏறத் தொடங்கிவிட்டது. சுவரின் அந்தப் பக்கமிருந்து ஒரு வரிசை, இந்தப் பக்கமிருந்து ஒரு வரிசை.

"ஏன்டி, எடுத்துக்கிறியா இல்ல காக்காய்க்குப் போடவா?" என்று அக்கா கேட்கிறார். இன்னும் போகாமல் அங்கேயேதான் நிற்கிறார்.